அன்சிலா கொடுத்த ஒரு சாயங்காலம்

பாலக்கரை, திருச்சி.
டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாக்கியம் அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி லிசி எழுதுகிறேன். நீங்களும் விக்டர் அண்ணனும் பிரவீன்ராஜும் அயர்லாந்துக் குளிரில் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே மாமா உடம்பளவில் நன்றாக இருக்கிறார். நீங்கள் சொன்னபடி தண்ணீர் நிறையக் கொடுக்கிறேன். பிள்ளைகளுக்கு அரையாண்டு லீவு. அன்சிலா கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். ஆசீருக்கு முன்பல் விழுந்துவிட்டது.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். வீட்டில் உங்கள் குரல் கேட்டால் மாமா எழுந்து வந்துவிடுகிறார். ‘பாக்கியம் வாசல்ல நிக்கிது, கதவத் தொற’ என்று ஆரம்பித்தால் அன்று முழுவதும் அடங்கமாட்டார். குடும்ப குரூப்பில் எழுதினால் மொத்தச் சொந்தமும் படிக்கும். உங்களோடு வேலை செய்யும் மலர்க்கொடி லீவு முடிந்து திரும்புவதால் பிள்ளைகள் செய்த பரிசுகளை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அந்தப் பையிலேயே இதையும் வைக்கிறேன். கிறிஸ்துமசுக்கு வந்திருக்க வேண்டியவை, ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளுக்குத்தான் உங்கள் கையில் கிடைக்கும்.

பரிசுகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெட்டிவேர் வைத்துத் தைத்த சின்னப் பைகள் உங்களுக்கு, துணிகளுக்கு நடுவில் வைத்துக்கொள்ளலாம். தையல் கோணலாகப் போனது ஆசீரின் கைவேலை. புத்தகத்தில் வைக்கும் அட்டைகள் பிரவீனுக்கு. அதில் ஒட்டியிருப்பது வேப்பிலையும் போகன்வில்லாவும், செய்தித்தாளுக்குள் வைத்து அமுக்கிக் காயவைத்தது. விக்டர் அண்ணனுக்கு நார்த்தங்காய் ஊறுகாய். அதற்கு அன்சிலாதான் உப்புப் போட்டுக் கிளறினாள். உங்களுக்கென்று ஒரு போட்டோ ஆல்பமும் செய்தாள். அது கிழிந்துபோய், மறுபடி ஒட்டியிருக்கிறாள். ஏன் கிழிந்தது என்று பின்னால் சொல்கிறேன்.

இந்த வருடம் எல்லாமே வீட்டில் செய்ததுதான். கீழே குடியிருக்கும் ஜமால் பாய் வீட்டுக்கும் எதிர்வீட்டு டீச்சருக்கும் கொட்டாங்குச்சியில் கேழ்வரகு முளைக்கவைத்துக் கொடுத்தோம். குடிலுக்கு வைக்கிற புல்தான், ஆனால் தனியாக ஒரு கொட்டாங்குச்சியில் பச்சையாக நின்றபோது பார்க்க அழகாக இருந்தது. பிள்ளைகள் முதலில் சின்னக்கடைத் தெருவுக்குப் போகலாம் என்றுதான் கேட்டார்கள். ‘கடையில வாங்கறத யாரு வேணாலும் குடுக்கலாம், நாம கையால செஞ்சு குடுப்போம்’ என்று சொன்னேன். இரண்டு பேரும் அதை நம்பிக் குதித்தார்கள். உண்மை அதுவல்ல அண்ணி. மாமாவை விட்டுவிட்டு என்னால் தெருமுனை வரைக்கும்கூடப் போக முடியாது. அவரைக் கூட்டிக்கொண்டும் போக முடியாது.

அக்டோபரில் அப்பா கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டார், பிறகு வந்துவிட்டார் என்று உங்களிடம் சொன்னோம். நடந்தது வேறு. நான் குளித்துவிட்டு வருவதற்குள் சட்டை மாட்டிக்கொண்டு, தோளில் ஒரு துணிப்பையும் போட்டுக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்திருக்கிறார். துறையூர் பஸ்ஸில் ஏறி, ஒவ்வொரு சீட்டாகப் போய் டிக்கெட் கேட்டிருக்கிறார். வண்டியின் கண்டக்டர் சின்னப் பையன், அவனுக்கு இவர் யாரென்று தெரியாது. பயணிகள் குடிகாரர் என்று நினைத்து மண்ணச்சநல்லூரில் இறக்கித் தள்ளிவிட்டார்கள். அவரோடு அந்தக் காலத்தில் டிரைவராக இருந்த ரெங்கராஜ் அண்ணன் தற்செயலாகப் பார்த்து, ஆட்டோவில் கூட்டிவந்தார். சட்டைக் காலர் கிழிந்திருந்தது. முப்பது வருடம் அதே ரூட்டில் கண்டக்டராக ஓடிய மனிதர். அன்று உங்கள் தம்பி சாப்பிடவில்லை.

மறுநாளே மாடிப்படி முடிகிற இடத்தில் இருக்கும் கிரில் கேட்டுக்கு அவர் பூட்டு வாங்கி வந்து போட்டார். அலமாரியில் வைத்தால் மாமா எடுத்துவிடுவார் என்று சாவியை சேஃப்டி பின்னில் கோர்த்துத் தோளில் சேலையோடு குத்திக்கொள்கிறேன். காலையில் அவர் மருந்து கம்பெனி பையோடு பைக்கில் இறங்கியதும் நான் பூட்டுகிறேன். கரூர், பெரம்பலூர் என்று சுற்றிவிட்டு அவர் திரும்பி வந்ததும் திறக்கிறேன். பால்காரர், தபால்காரர் எல்லோரோடும் கம்பிக்கு உள்ளே நின்றுதான் பேசுகிறேன். ஸ்கூல் வேலையை ஜூனில் விட்டது உங்களுக்குத் தெரியும். பூசைக்கு அவர் பிள்ளைகளோடு போய்வந்த பிறகு, முடிந்த ஞாயிறுகளில் நான் தனியாகப் போய் வருகிறேன். உங்கள் தம்பி கெட்டவர் இல்லை. அப்பாவை அப்படிப் பார்க்க அவரால் முடியவில்லை, அதனால் பார்க்காமல் இருக்கிறார். நான் எது சொன்னாலும் ‘சமாளிச்சுக்கோ லிசி’ என்கிறார்.

பரிசு செய்த நாட்களில் மாமாவுக்கும் சந்தோஷம்தான். நாங்கள் ஹாலில் தரையில் காகிதமும் பசையும் பரப்பி உட்கார்ந்தால் அவரும் வந்து உட்காருவார். நறுக்கிப்போட்ட கலர் பேப்பரை விரலிடுக்கில் வைத்துக் கிழித்து, ‘எங்க போவணும்?’ என்பார். ஆசீர் ‘சமயபுரம் ரெண்டு’ என்று கேட்டால், ‘இந்த வண்டி சமயபுரம் போவாது தம்பி, டோல்கேட்ல எறங்கி மாறிக்கங்க’ என்று பொறுமையாகச் சொல்வார். நாங்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம், அவரும் சிரிப்பார். என்னைப் பெரும்பாலும் உங்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். ‘சொல்லுங்கப்பா’ என்று பதில் சொல்லப் பழகிக்கொண்டேன்.

நல்ல நேரம் எப்போது முடியும் என்று மட்டும் தெரியாது. கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்னால் திடீரென்று ‘டூட்டிக்கு நேரமாச்சு’ என்று எழுந்தார். கேட்டைத் திறக்கவில்லை என்றதும் கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்துக் கிழித்தார். உங்கள் ஆல்பமும் அதில் போனது. அன்சிலா ஓவென்று அழுதாள். நான் குறுக்கே போனேன், அவர் கை என் மேல் பட்டது. கிறிஸ்துமஸ் அன்று வீடியோவில் நீங்கள் ‘லிசி ஏன் பின்னால நிக்கிற, முன்னாடி வா’ என்று கூப்பிட்டீர்கள். அடுப்பில் வேலை இருக்கிறது என்று நான் நகர்ந்துகொண்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை அண்ணி. புருவத்துக்கு மேலே வீங்கியிருந்தது. நீங்கள் நர்ஸ், ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று பயந்தேன்.

குடில் முன்னால் பரிசு கொடுக்கும்போது எனக்கு அன்சிலா ஒரு கவர் கொடுத்தாள். உள்ளே ஒரு அட்டை. ஓரத்தில் நட்சத்திரங்கள் ஒட்டி, நடுவில் இப்படி எழுதியிருந்தாள்: ‘அம்மாவுக்கு ஒரு சாயங்காலம். வெளியே எங்கே வேண்டுமானாலும் போகலாம். தாத்தாவை நான் பார்த்துக்கொள்வேன்.’ எனக்கு என்ன வேண்டும் என்று அவள் கேட்கவே இல்லை. மற்ற எல்லோரிடமும் கேட்டிருந்தாள். பிள்ளைக்கு நம் முகத்தில் எல்லாம் தெரிந்துவிடுகிறது.

நான் சிரித்துவிட்டு அதை அலமாரியில் வைத்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை உங்கள் தம்பி லீவில் இருந்தார். ‘அதான் பொண்ணு குடுத்திருக்காளே, போயிட்டு வா. நான் இருக்கேன்ல’ என்றார். பதினோரு வயதுப் பிள்ளையை நம்பி நான் கிளம்பவில்லை அண்ணி, அவரை நம்பித்தான் கிளம்பினேன். சேலை மாற்றிக் கட்டிக்கொண்டேன். சாவியை அவர் கையில் கொடுத்தேன்.

எங்கே போவது என்றே தெரியவில்லை. முதலில் வந்தது ஒன்றாம் நம்பர் பஸ், ஏறி உட்கார்ந்தேன். ஸ்ரீரங்கம் முழுக்க ஏகாதசிக்கு வந்த கூட்டம். கூட்டத்தோடு நடந்து அம்மா மண்டபம் படித்துறையில் போய் உட்கார்ந்தேன். காவிரியில் தண்ணீர் நன்றாகவே போனது. ஒன்றும் செய்யவில்லை. யாரும் என்னை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. ஆனாலும் கை அடிக்கடி தோளுக்குப் போய் சாவியைத் தேடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஒரு அம்மாள் குளிக்க இறங்கும்போது, ‘இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கங்களேன்’ என்று கேட்டார். சாதாரணமாக யாரும் கேட்பதுதான். ‘இல்லீங்க, என்னால முடியாது’ என்று சொல்லிவிட்டு எழுந்து வேறு படிக்குப் போய்விட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒரு பையைக்கூடப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. அங்கே உட்கார்ந்து அழுதேன். குளிப்பவர்கள் நடுவில் அது யாருக்கும் தெரியவில்லை. திரும்பிப் போகாமல் இருந்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. பயந்துபோய் உடனே பஸ் ஏறிவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்தேன். படியில் ஏறும்போதே ஆசீர் குரல் கேட்டது. கிறிஸ்துமஸ் பாட்டு பாடிக்கொண்டிருந்தான், தொண்டை கட்டிப்போய். மாடிப்படியில் ஜமால் பாய் மகள் அல்ஷிஃபா கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நர்சிங் படிக்கிறாள், உங்களுக்குத் தெரிந்த பெண்தான். என்னைப் பார்த்ததும், ‘அக்கா, நான் எவ்வளவு கேட்டும் இவ கதவத் தொறக்க மாட்டேங்கிறா’ என்றாள்.

உள்ளே அன்சிலா கிரில்லில் முதுகை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். சாவி அவள் கையில். எதிரில் மாமா நாற்காலியில். ‘இருங்க தாத்தா, வண்டி இன்னும் டிப்போவிலேர்ந்து வரலை. வந்ததும் நானே கூப்பிடுறேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது நான் சொல்லும் வார்த்தை அண்ணி. குரலும் என் குரல். அதே அலுப்பு.

கம்பெனி விஷயமாக உங்கள் தம்பிக்கு யாரோ டாக்டர் போன் செய்திருக்கிறார். பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பத்து நிமிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாமா டூட்டிக்கு எழுந்திருக்கிறார். அவள் முதலில் தம்பியைப் பாத்ரூமுக்குள் விட்டு, உள்ளே தாழ் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறாள். சத்தம் கேட்டால்தான் அவன் நன்றாக இருக்கிறான் என்று தெரியுமாம். பிறகு போய் கேட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவுக்குப் போன் போட்டிருக்கிறாள், பைக்கில் இருந்ததால் அவர் எடுக்கவில்லை. அல்ஷிஃபா வந்தபோது, கதவைத் திறந்தால் தாத்தா வெளியே ஓடிவிடுவார், மறுபடி யாராவது தள்ளிவிடுவார்கள் என்று திறக்கவில்லை.

என்னைப் பார்த்ததும் அவள் முதலில் கேட்டது, ‘ஏம்மா அதுக்குள்ள வந்துட்ட?’ பிறகு, ‘நான் சமாளிச்சுட்டேம்மா’ என்றாள். சாவியை வாங்கும்போதுதான் மணிக்கட்டைப் பார்த்தேன். மாமாவின் விரல்கள் ஐந்தும் சிவப்பாகப் பதிந்திருந்தன. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. நான் உள்ளே வந்ததும் என்னைப் பார்த்து, ‘பாக்கியம், இந்தப் புள்ள ரொம்ப நேரமா பஸ்ஸுக்கு ஒக்காந்திருக்கு, எந்த ஊருன்னு கேளு’ என்றார். அப்படிப்பட்டவர் மேல் எப்படிக் கோபப்படுவது?

கோபம் வந்தது அன்று சாப்பிடும்போது. உங்கள் தம்பி மன்னிப்புக் கேட்டார், அவள் கையில் மருந்தும் தடவினார். பிறகு மனசு லேசானது போல, ‘பரவால்ல, பொண்ணுக்கு நல்ல பொறுப்பு வந்துடுச்சு. இனிமே நீ அப்பப்ப இப்படி வெளிய போயிட்டு வரலாம் லிசி, அவ பாத்துக்குவா’ என்றார். அன்சிலா பெருமையாக என்னைப் பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். இத்தனை நாள் உள்ளே இருந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். அந்த நிமிடம்தான் தெரிந்தது, அடுத்தது யார் என்று.

நேற்று காலையில் அவரிடம் சொன்னேன். ‘ஞாயித்துக்கிழமை காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நீங்க மட்டும் அப்பாவோட இருங்க. டிவி வேணாம், போன் வேணாம். நான் பிள்ளைங்களோட கீழ ஜமால் பாய் வீட்டுல இருக்கேன்.’ அவர் சிரித்தார், ‘இதென்ன பெரிய விஷயம்’ என்றார். அதனால்தான் இதை ஜமால் பாய் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாய் வீட்டம்மா டீ போட்டுக் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்கள். மேலே நாற்காலி இழுபடுகிறது. கேட்டைப் பிடித்து உலுக்கும் சத்தம் மூன்று முறை வந்துவிட்டது. உங்கள் தம்பி ‘அப்பா... அப்பா...’ என்கிறார். முதலில் அதட்டினார். இப்போது குரல் மாறியிருக்கிறது.

ஆசீர் அல்ஷிஃபாவோடு கேரம் ஆடுகிறான். அன்சிலா ஆடவில்லை. மேலே கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் முன்னால் என் பக்கத்தில் வந்து, ‘அம்மா, வண்டி டிப்போவிலேர்ந்து வரலைன்னு சொல்லணும்னு அப்பாவுக்குத் தெரியாதும்மா. நான் மேல போய்ச் சொல்லிட்டு வந்துரட்டுமா?’ என்று கேட்டாள். போகாதே என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணி, இனி நேராகவே கேட்டுவிடுகிறேன். மணிகண்டம் பக்கத்தில் சிஸ்டர்கள் நடத்தும் ஒரு இல்லம் இருக்கிறதாம். இப்படி மறதி வந்த பெரியவர்களைப் பகலில் மட்டும்கூட வைத்துக்கொள்வார்களாம். சுற்றி நடக்கத் தோட்டம் இருக்கிறது, அல்ஷிஃபா பயிற்சிக்குப் போனபோது பார்த்திருக்கிறாள். உங்கள் தம்பியிடம் சொன்னால், ‘அக்கா ஒத்துக்க மாட்டா’ என்பதோடு பேச்சு முடிகிறது. நீங்கள் போன வருடம் போனில், ‘நான் உயிரோட இருக்கற வரைக்கும் அப்பா எந்த ஹோமுக்கும் போகக்கூடாது’ என்று அழுதது அவர் காதிலேயே நிற்கிறது. அழுதது நியாயம்தான். அவர் பெற்ற பெண் நீங்கள். ஆனால் அண்ணி, நீங்கள் அங்கே வேலை பார்ப்பதும் அப்படி ஒரு இடத்தில்தானே? யாரோ பெற்ற அப்பாக்களை நீங்கள் அன்பாகத்தானே பார்த்துக்கொள்கிறீர்கள்? டூட்டி முடிந்ததும் அடுத்தவர் கையில் ஒப்படைத்துவிட்டுத்தானே வீட்டுக்கு வருகிறீர்கள்? எனக்கு அந்த அடுத்தவர் இல்லை. இருக்கிறாள் என்று வெள்ளிக்கிழமை தெரிந்தது. அவளிடம் நான் ஒப்படைக்கமாட்டேன்.

பணம் கேட்டு எழுதவில்லை. நீங்கள் அனுப்புவதே நிறைய. ஒன்று, லீவு போட்டு நீங்கள் வாருங்கள், வந்து எங்களோடு கொஞ்ச நாள் உள்ளே இருந்து பாருங்கள். இல்லையென்றால் உங்கள் தம்பியைக் கூப்பிட்டு, சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் வேண்டாம் என்றாலும் பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறக்கிற அன்று மாமாவைக் கூட்டிக்கொண்டு நான் அந்த இல்லத்துக்குப் போவேன். பஸ்ஸில்தான் கூட்டிப்போவேன், அவருக்குப் பிடிக்கும். உங்கள் வாய்வார்த்தையோடு போனால் திருடி மாதிரி இல்லாமல் மருமகளாகப் போய் வருவேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

தப்பாக எழுதியிருந்தால் தங்கச்சி என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிறக்கிற வருடம் உங்கள் மூவருக்கும் நல்லபடியாக இருக்கட்டும். பாலன் இயேசு உங்கள் கைகளை ஆசீர்வதிக்கட்டும், எத்தனையோ பேரைத் தூக்கி உட்காரவைக்கிற கைகள். அப்பாவுக்காக ஜெபியுங்கள். அன்சிலாவுக்காக, அவள் லீவு நாளில் கேரம் ஆட வேண்டும் என்று, ஒரு ஜெபம் சொல்லுங்கள்.

மேலே சத்தம் நின்றுவிட்டது. இதை எடுத்துக்கொண்டு போய் உங்கள் தம்பியிடம் காட்டிவிட்டுத்தான் கவரில் போடுவேன். அவர் எழுத வேண்டும் என்று நினைத்தால் எழுத, கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
லிசி

அக்கா, லிசி எழுதினது எல்லாத்தையும் படிச்சேன். இன்னைக்கு ஒரு நாள் நான் பார்த்தேன். முடியலக்கா. சரின்னு சொல்லு.
ரெஜிஸ்